வீட்டோட சேத்துக் குடுத்த ரயில்

எங்கட ஊருக்கு ரயில் இல்ல. மட்டக்களப்போட தண்டவாளம் முடிஞ்சி போகும். அங்கால கல்முனைக்கு வாறதெண்டாலும் பொத்துவிலுக்குப் போறதெண்டாலும் பஸ்தான். இப்படிப்பட்ட ஊரில ரயில் விசர் புடிச்ச மனிசன் ஒராளத்தான் எனக்குப் பாத்து முடிச்சித் தந்தாங்க. முடிச்சித் தரக்குள்ள அது ஒருத்தருக்கும் தெரியா. அவருக்கே தெரியா.

கட்டாருக்கு வேலைக்குப் போன காலத்தில தொத்தின வருத்தம் அது. அங்க ஒரு பெரிய கடைக் கண்ணாடிக்குள்ள குட்டி ரயில் ஒண்டு சுத்திக்கொண்டு நிண்டிச்சாம். மனிசன் அதப் பாத்துக்கொண்டு நிண்டு, ஏற வேண்டிய பஸ்ஸயும் விட்டுட்டாராம். மத்த வீட்டு ஆம்பிளைகள் லீவில வரக்குள்ள நகை, கம்பளி, பால்மா எண்டு கொண்டு வருவாங்க. நான் கேட்டது கேக் மா அடிக்கிற பீட்டர் மெசின் ஒண்டு மட்டும். கொண்டு வரயில்ல எண்டு சொல்லப்படா, கொண்டு வந்தார். உடுப்புப் பெட்டிக்குள்ள போட்டு அமத்தி, கைபுடி நெளிஞ்சி போய் வந்து சேந்திச்சி. ரயில் மட்டும் பிளேனில அவர்ட மடியில இரிந்து வந்திரிக்கி. எனக்கு வந்த கோவத்தில அண்டு ராவு அவருக்குச் சோறு போட்டுக் குடுக்கயில்ல. அவரே போட்டுச் சாப்பிட்டுட்டு, கறி நல்லாரிக்கி எண்டு வேற சொன்னார்.

பொறகு கட்டார விட்டுட்டு வந்து, பசாரில லைட், வயர், பேன் விக்கிற சின்னக் கடை ஒண்டு போட்டார். கடை பூட்டினா நேரா மேல்மாடி அறைக்குத்தான். இந்தக் கரையில வீடெண்டா அது பொம்புளப் புள்ளைக்கு. என்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீட்டுக்குத்தான் இவர் மாப்புளயா வந்தவர். அதால செவத்தில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும், இதில அடிக்கட்டா புள்ள எண்டு கேட்டுட்டுத்தான் அடிப்பார். மேல்மாடி அறையையும் கேட்டுத்தான் எடுத்தார். நானும் பெரிய மனசோட ஓம் எண்டன்.

அந்த அறைக்குள்ள பெரிய பலகை ஒண்டப் பொருத்தி, அரசாங்கம் போடாத பாதைய மச்சான் போட்டார். புருசன நாங்க மச்சான் எண்டுதான் கூப்பிடுற. மட்டக்களப்பில வெளிக்கிட்டு காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் எண்டு பொத்துவில் வரைக்கும் ரயில் போகும். ஒரு பக்கம் நீலப் பெயின்ற் அடிச்ச கடல். மத்தப் பக்கம் வயல். வயர உரிச்சி, உள்ள கெடக்கிற செம்புக் கம்பிய முறுக்கித் தென்னமரம் செஞ்சார். கடையில விக்கிற வயர விட வீட்டுக்குக் கொண்டு வந்து உரிச்சது கூட.

வீட்டுக்கு வாற ஆக்கள் மேல ஏறினா முதல்ல தேடுறது தங்கட ஊரத்தான். எங்களுக்கு மீன் கொண்டு வாறவர் வினாயகபுரத்து ஆள். பலகையச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, எங்கட ஊரில கோச்சி நிக்காதோ எண்டு கேட்டார். முகத்தில ஒரு கவல. அடுத்த கிழமை வினாயகபுரத்துக்கும் ஒரு ஸ்டேசன் வந்திச்சி. நற்பிட்டிமுனையில இரிக்கிற என்ட சாச்சி அதுக்கும் மேல. உங்கட ஊர் கரையோரத்தில இல்லையே சாச்சி எண்டு இவர் எவ்வளவோ சொல்லிப் பாத்தார். அவ கேக்கயில்ல. கடைசியில அவக்காக வயலுக்குள்ளால தனிப் பாதை ஒண்டு போட்டுக் குடுத்தார். எங்கட சொந்தக்காரர் எல்லாருக்கும் ரயில் வசதி செஞ்சி குடுத்த ஒரே மனிசன் இவர்தான்.

எனக்கும் ஒரு விசர் இரிக்கி. கேக். காசுக்கில்ல, ஆசைக்கு. போனில வீடியோ பாத்துப் பாத்துப் பழகி, கலியாணக் கேக், புள்ளைகள்ட பேர்த்டே கேக் எண்டு சொந்தத்துக்குள்ள ஆர் கேட்டாலும் செய்வன். ஐசிங்கில ரோசாப் பூ புழியிறதெண்டா எனக்குப் பசி தாகம் தெரியா. ஒரு பூ சரியா வந்துட்டா அண்டு முழுக்க நான் நல்ல மனிசி.

ரெண்டு விசரும் ஒரே வீட்டுக்குள்ள இரிந்தா என்ன நடக்கும்? என்ட நட்சத்திர நொசில் ஒண்டக் காணயில்ல எண்டு வீடெல்லாம் தேடினன். ஐசிங் புழியிற நொசில், கொழும்பால சொல்லி எடுப்பிச்சது. மேல போய்ப் பாத்தா அதுக்குள்ள சாந்து எறுகிப் போய்க் கெடக்கு. பலகையில வைக்க மலை ஒண்டு புழிஞ்சாராம். இன்னொருக்கா, கேக்குக்கு மேல புல்லு மாதிரித் தூவுறதுக்கு நான் பச்சக் கலர் போட்டு வச்ச தேங்காப் பூவ அள்ளிக்கொண்டு போய் வயலுக்கு ஒட்டிட்டார். வடிவாத்தான் இரிந்திச்சி, பொய் சொல்லப்படா. நாலு நாளில எறும்பு வந்து மொத்த வயலையும் அறுவடை செஞ்சி தூக்கிக்கொண்டு போயிட்டு. தண்டவாளத்து மேலால வரிசையாப் போகுதுகள். மச்சான் ரயில ஓட்டாம, எறும்பு போய் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டார். நான் சிரிச்சிச் சிரிச்சி மாடிப் படியில குந்திட்டன்.

இப்படியே ஓடிக்கொண்டிரிக்கக்குள்ள, எங்கட ஒரே மகளுக்குச் சம்மந்தம் ஒண்டு சரி வந்திச்சி. மகளுக்கு மாப்புள வந்தா வீடு மகளுக்கு. நாங்க ரெண்டு பேரும் வளவுக்குள்ளயே பின்பக்கமாச் சின்ன வீடொண்டு கட்டிக்கொண்டு போறதுதான் முறை. கட்டத் தொடங்கினம். ஒரு படுக்கிற அறை, ஒரு ஹோல், குசினி. அதோட மிச்சமா இன்னும் ஒரே ஒரு அறை.

அந்த ஒரு அறைக்குத்தான் சண்ட. நான் மேசன்கிட்டப் போய், இது கேக் அறை, ஓவனுக்குத் தனி பிளக் வேணும் எண்டு சொல்லிட்டு வருவன். பின்னேரம் மச்சான் போய், பிளக் நாலு பக்கமும் வேணும், இது ரயில் அறை எண்டு சொல்லிட்டு வருவார். மேசன் பாவம், ரெண்டு பேருக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுவார். மகள், ரயில் மேல இரிந்த இடத்திலயே இரிக்கட்டும் வாப்பா எண்டாள். அதுக்கு இவர் ஒத்துக்கொள்ளயில்ல. மருமகன்ட வீட்டில மாமனார்ட சாமான் கெடக்கப்படா எண்டார்.

அப்பதான் மாப்புளட உம்மாவும் வாப்பாவும் வீடு பாக்க வந்தாங்க. நான் கேக் வெட்டி வச்சி, வட்டிலப்பமும் வச்சி, வீட்டச் சுத்திக் காட்டினன். குசினி பாத்தாங்க, கிணறு பாத்தாங்க, மேல்மாடிக்கும் ஏறினாங்க. மச்சான் மரியாதைக்கு ரயில ஒருக்கா ஓட விட்டுக் காட்டினார். மாப்புளட உம்மா அதப் பாத்துக்கொண்டே நிண்டா. கண்ண எடுக்கயில்ல. பொறகு மச்சான்ட பக்கம் திரும்பிக் கேட்டா.

"இதும் வீட்டோட சேர்த்தியா?"

"ஓம் ஓம். எல்லாம் புள்ளைக்குத்தானே."

மச்சான்ட வாயாலதான் வந்திச்சி. மாப்புள வீட்டார் கேட்டா இல்ல எண்டு சொல்லிப் பழகாத வாய். சொல்லி முடிச்ச பொறகுதான் என்ன சொன்னன் எண்டு அவருக்கே விளங்கின மாதிரி இரிந்திச்சி. ரயில் பொத்துவிலுக்குப் போய் முட்டிக்கொண்டு இரைஞ்சிச்சி, சுவிச்ச நிப்பாட்டவும் அவருக்கு நினைவில்ல.

என்னையக் கேட்டா, உள்ளுக்குள்ள எனக்கு ஒரே சந்தோசம். அல்ஹம்துலில்லாஹ், சண்ட புடிக்காமலே அறை என்ட கைக்கு வந்திட்டு. அடுத்த நாளே எங்க ஓவன், எங்க பிரிட்ஜ், நொசில் தட்டு எந்தச் செவத்தில எண்டு கணக்குப் போடத் தொடங்கிட்டன். மச்சான் ஒண்டும் கதைக்கயில்ல. கடைக்குப் போவார், வருவார், மேல ஏறி ஒவ்வொரு பெட்டியாத் தொடச்சி எண்ணை விடுவார். மகளக் கூப்பிட்டு, இந்த வயர இழுத்துப்போடாத, இதுக்குத் தண்ணி படப்படா எண்டு சொல்லிக் குடுப்பார். சண்ட புடிச்சாரெண்டா எனக்குச் சமாளிக்கத் தெரியும். இப்படி வாயப் பொத்திக்கொண்டு திரியிற மனிசன என்ன செய்யிற?

ஒரு கிழமை பொறுத்தன். அதுக்கு மேல ஏலா. மேல போய் வாய்க்கு வந்தபடி ஏசினன். வாய் இரிக்கிதானே, அது எனக்கு எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே, சொல்லாம இப்ப என்னத்துக்கு இந்த முகம் எண்டு கேட்டன். அவர் கையில இரிந்த துணிய மடிச்சி வச்சார்.

"நான் பொறந்தது உம்மாட வீட்டில. முடிச்சி வந்தது உன்ட வீட்டுக்கு. இனிப் போறதும் உன்ட வளவுக்குள்ளதான். ஆர்ட வீட்டிலயும் எனக்கொரு குறை இல்ல புள்ள. ஆனா எனக்கெண்டு இரிந்த காணி இந்தப் பலகை மட்டும்தான்."

கோவத்தில சொல்லயில்ல. மழை வரும்போல எண்டு சொல்ற மாதிரிச் சொன்னார். இத்தன வருசம் இந்த மனிசனோட ஒரே வீட்டுக்குள்ள இரிந்திரிக்கன், அது என்ட வீடு எண்டு ஒரு நாளாவது யோசிச்சதில்ல. எனக்கு யோசிக்க வேண்டி வரயில்ல, அவ்வளவுதான். ஆணி அடிக்கக் கேக்குறதக் குணம் எண்டு நினச்சிட்டு இரிந்திரிக்கன். எனக்கு அழுக வந்திச்சி, அத அவருக்குக் காட்டப்படா எண்டு இன்னும் ரெண்டு ஏச்சு ஏசிட்டுக் கீழ எறங்கிட்டன்.

இப்ப ரயில எப்படித் திருப்பி எடுக்கிற? தாறன் எண்டு சொன்ன சாமான, கலியாணத்துக்கு முன்னால இல்ல எண்டு சொன்னா என்ன நடக்கும் எண்டு இந்தக் கரையில எல்லாருக்கும் தெரியும். ஒரு பிரிட்ஜால குழம்பின கலியாணமும் எனக்குத் தெரியும். மகள்ட வாழ்க்க ஒரு பக்கம், மனிசன்ட பலகை மறுபக்கம். மகளக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னன். அவள் போன எடுத்து நம்பரப் போட்டு என்ட கையில தந்துட்டு, கதைங்க உம்மா எண்டாள். ஒரு ரயிலுக்காகக் குழம்புற கலியாணமெண்டா அது இப்பவே குழம்பட்டும் எண்டாள். அவள்ட வாய் என்ட வாய்தான், வேற எங்க போகும்.

மாப்புளட உம்மா எடுத்தா. நான் ஒரே மூச்சில சொன்னன்.

"ராத்தா, வீடு மகளுக்குத்தான், அதில மாத்தமில்ல. அந்த ரயில் மட்டும் அவட வாப்பாட. அது வராது."

சொல்லிட்டு நான் கண்ண மூடிக்கொண்டு ஓதினன்.

"அல்லாஹ், இப்பதான் எனக்கு மூச்சு வருது. அத ஆர் தூசி தட்டுற எண்டு பயந்துதான் நான் அண்டைக்குக் கேட்ட" எண்டா அவ.

கலியாணம் நல்லபடியா முடிஞ்சிச்சி. கேக் நான்தான் செஞ்சன், மூணு தட்டு. அதுக்குப் பொறகுதான் ரயில எறக்கிற வேல. அறைக்குள்ள வச்சே பொருத்தின பலகை, கதவால வராது. மரவேல செய்யிற ஓடாவிய வச்சி ரெண்டா அறுக்க வேண்டியதாப் போச்சி. எந்த ஊரில அறுக்கிற எண்டு ஓடாவி கேட்டார். மச்சான் பலகையச் சுத்தி நடந்து நடந்து பாத்தார். ஒருத்தர்ட ஊரையும் வெட்ட மனசில்ல. கடைசியில அக்கரைப்பற்றுக்கு அங்கால ஆலையடிவேம்பு வயலுக்குள்ளால வாள வைக்கச் சொன்னார். அறுக்கக்குள்ள அவர் அங்க நிக்கயில்ல, வளவுக்குள்ள போய் நிண்டார்.

பின் வீட்டு அறைக்குள்ள பலகைய வச்சிப் பொருத்தி முடிச்ச அண்டைக்கு நான் வாசலில நிண்டு சொன்னன். மச்சான், இந்த அறை உங்கட. இந்தப் பின் துண்டுக்குக் காணி உறுதிப் பத்திரம் என்ட பேரில கெடந்தாலும், இதுக்குள்ள என்ட சொல் இல்ல. இனி நான் உங்களக் கேட்டுத்தான் எதையும் வைப்பன் எண்டன். அவர் நம்பாத மாதிரிப் பாத்தார். அப்ப நான் கேட்டன்.

"என்ட ஓவனுக்கு இதுக்குள்ள ஒரு மூலை தருவீங்களா?"

நான் நினச்சன், ஓம் எண்டு ஓடி வந்து சொல்லுவார் எண்டு. மனிசன் கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கொண்டு அறைய ஒரு சுத்துச் சுத்திப் பாத்தார். நாடாவ எடுத்து அளந்தார். அளந்து முடிச்சிட்டு, யோசிச்சிச் சொல்றன் எண்டார்.

எனக்கு வந்த கோவமும் சிரிப்பும்! பின்னேரத்து அசர் தொழுதுட்டு வாற வரைக்கும் என்னைய வச்சிக்கொண்டிரிந்தார். வந்து, யன்னல் பக்க மூலைய எடு, மாவு பறக்கப்படா, தேங்காப் பூ அறைக்குள்ளயே வரப்படா எண்டு நிபந்தனை போட்டார். எல்லாத்துக்கும் ஓம் எண்டன். ஓவனக் கொண்டு வந்து வச்சிட்டு நான் திரும்பிப் போகப் பாத்தன். மச்சான் கதிரை ஒண்ட இழுத்துப் போட்டார்.

எங்கட வீட்டுக்கு எத்தனையோ பேர் வந்திரிக்காங்க. ஆரையும் இரிங்க எண்டு சொல்றதுக்கு முதல் அவர் என்ட முகத்த ஒருக்காப் பாப்பார். அண்டு அவர் ஒருத்தர்ட முகத்தையும் பாக்கயில்ல. இரி புள்ள, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ எண்டுட்டு, தானே குசினிக்குப் போய் ஊத்திக்கொண்டு வந்தார். சீனி கூடிப்போச்சி. நான் முழுசாவும் குடிச்சன்.