ஐந்தாவது கொய்யாப்பழம்

எம். புதுப்பட்டியில் பாண்டிலட்சுமியை ‘பாரஸ்ட்காரி’ என்று கேலி பேசுவார்கள். அவள் பாரஸ்டும் இல்லை, கீரஸ்டும் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் பதினேழு வருஷமாக மருந்து செலுத்துகிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் வெடியைக் கடித்துத் தாடை சிதறிய பெண் யானை ஒன்று, ஒரு வாய் தின்ன முடியாமல் கண்மாய்த் தண்ணீரில் நின்றே செத்தது. பார்த்துவிட்டு வந்தவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து எவனாவது பன்றிக்கு வெடி வைக்கிறான் என்று காதில் விழுந்தால் போதும், வனக்காவலர் ஹரிஷ்குமாருக்குப் போன் போய்விடும். பாதி ஊர் அவளோடு பேசுவதில்லை. பேசாட்டிப் போகட்டும் என்பாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவள் தம்பி சங்கையா மூச்சிரைக்க ஓடிவந்தான். மக்காச்சோளத்தைப் பன்றி அழிக்கிறதென்று, மலையடிவாரத் தோட்டத்தில் ஐந்து கொய்யாப்பழத்துக்குள் மருந்து வைத்துப் போட்டிருந்தானாம். இப்போது ஓடைப்பக்கம் யானை இறங்கியிருக்கிறது, கூடவே குட்டி.

“எடுக்கப் பயமா இருக்குக்கா. நீதான் மருந்துல பழகுனவ.”

அறைய ஓங்கிய கையை இறக்கிக்கொண்டாள். அதற்கு நேரமில்லை. ஹரிஷ்குமாருக்குப் போன் போட்டுவிட்டு வாளியோடு கிளம்பினாள்.

தோட்டத்துத் தொட்டியில் வாளியை நிரப்பிக்கொண்டு வரப்போரம் கிடந்த நான்கு பழங்களையும் எடுத்தாள். தூங்கும் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி ஒவ்வொன்றையும் தண்ணீரில் வைத்தாள். முதல் பழத்தின் கீறலில் வெள்ளியாய் மின்னிய மருந்தைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. அது கம்பெனியில் அவள் வேலைசெய்யும் ரூமின் கலவை. வியாழக்கிழமையன்று, குழியில் எரிக்கவேண்டிய கழிவு மருந்து டப்பாவை, சாப்பாடு கொண்டுவந்த சங்கையாவிடம் “பாத்துக்கலே” என்று விட்டுவிட்டுக் கைகழுவப் போனாள். திரும்பியபோது டப்பா லேசாகத்தான் இருந்தது. கூடப்பிறந்தவன்தானே என்று சந்தேகப்படக்கூட இல்லை.

ஐந்தாவது பழம் ஓடைக்கரை வேம்படியில் கிடந்தது. குட்டி துதிக்கையை நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டு அதை நோக்கியே வந்தது. இருபது அடிகூட இருக்காது. பின்னால் தாய்.

பாண்டிலட்சுமி வாளியை வைத்துவிட்டுப் போய்ப் பழத்தை எடுத்தாள். குட்டி மிரண்டு கத்தியது. தாய் காதை விரித்துப் பிளிறியது.

அப்போதுதான் வந்து சேர்ந்த ஹரிஷ்குமார் வரப்பிலிருந்து அலறினார். “ஓடுங்கக்கா! ஓடியாங்க!”

மருந்து கையில் இருந்தால் ஓடக்கூடாது, உரசக்கூடாது, கீழே போடக்கூடாது. பதினேழு வருஷப் பழக்கம். கால்கள் ஓட மறுத்தன. நடந்தாள். முதுகுக்குப் பின்னால் தரை அதிர்ந்தது. ஆனாலும் நடந்தாள்.

அதிர்வு நின்றது. யானை குட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கியது. அவள் பழத்தை வாளித் தண்ணீரில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஹரிஷ்குமார் பேனாவை எடுத்தார். “யாருக்கா வச்சது?”

சங்கையா வேண்டாமென்று கண்ணாலேயே கும்பிட்டான்.

“என் தம்பிதான் சார்.”

எழுதிக்கொண்டே ஹரிஷ்குமார் கேட்டார். “மருந்து எங்கன கிடைச்சதாம்?”

சங்கையா சொல்லமாட்டான் என்று பாண்டிலட்சுமிக்குத் தெரியும். சொன்னால் அவள் வேலை போகும், கேஸும் வரும்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“எரிக்கவேண்டிய மருந்த இவங்கிட்ட விட்டுட்டுப் போனது நாந்தான். முதல்ல எம் பேர எழுதிக்கோங்க சார்.”