பொட்டு வைத்த பக்கம்

1979-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்கு அம்மா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினாள். ஆறு மணிக்கு அப்பா ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். சாமை விதைப்பதற்கு முன் ஒரு உழவு பாக்கி இருந்தது. எட்டு மணிக்குக் களியும் கீரையும் சாப்பிட்டோம். எட்டரைக்கு அத்தை சாக்கை அவிழ்த்துப் படகு எஞ்சினை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தாள்.

அந்த நாட்களில் நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கவில்லை. எனக்கு வயது பத்து. தேதிகளை உறுதி செய்ய எனக்கு உதவியவை அத்தையின் பள்ளிப் பதிவேடும், அவள் தனியாக வைத்திருந்த படகு நோட்டும்தான். படகு நோட்டின்படி, அந்த எஞ்சின் ஜனவரி 22-க்குப் பிறகு ஒரு நாளும் தண்ணீரைத் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் 'துடைத்தேன்' என்று ஒரு வரி இருக்கிறது. பத்தொன்பது ஞாயிறுகள், பத்தொன்பது வரிகள்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. திருப்பத்தூரில் ஆசிரியர் பயிற்சி முடித்து, எங்கள் மலைக்கே திரும்பி, ஒரே ஒரு ஆசிரியர் கொண்ட பள்ளிக்கு வந்தவள். அவள் வந்த அடுத்த ஆண்டில் ஓடையை மறித்து அணை கட்டினார்கள். ஒன்றாக இருந்த ஊர் நடுவில் ஏரி வந்து இரண்டாகிவிட்டது. பள்ளி இந்தக் கரையில். அந்தக் கரையில் பத்தொன்பது பிள்ளைகள். காட்டைச் சுற்றி நடந்தால் ஐந்து மைல். அணை கட்டிய என்ஜினியர்கள் வேலை முடிந்து போகும்போது தட்டையான இரும்புப் படகு ஒன்றையும் அதன் வெளிநாட்டு எஞ்சினையும் பள்ளிக்கு விட்டுப் போனார்கள். 'விட்டுப் போனார்கள்' என்று ஊரில் சொல்வார்கள். அத்தை அதற்காக எழுதிய மனுக்களின் நகல்கள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன.

அதிலிருந்து தினமும் காலையில் அத்தையே படகை ஓட்டிப்போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தாள். மலையில் அதற்கு முன் ஒரு பெண் சைக்கிள் ஓட்டிக்கூட யாரும் பார்த்ததில்லை.

ஜனவரி 22 அன்று, தண்ணீருக்குள் மூழ்கியிருந்த ஒரு புளியமரத்தின் அடிக்கட்டையில் எஞ்சினின் விசிறி மோதியது. தண்ணீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளுகிற மூன்று இதழ் விசிறி அது. இரண்டு இதழ்கள் உடைந்துபோயின. துடுப்புப் போட்டுத் தள்ளலாம் என்றால் இரும்புப் படகுக்கு நாலு ஆட்கள் வேண்டும், காலை நேரத்தில் நாலு ஆட்கள் கொல்லையில் இருப்பார்கள். பத்தொன்பதில் நாலு பேர் மட்டும் காட்டைச் சுற்றி நடந்து வந்தார்கள். மற்றவர்கள் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள். மார்ச்சில் வந்த ஆய்வாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ஜூன் 4 அன்று பள்ளி திறக்கும்போது முப்பது பிள்ளைகள் இல்லையென்றால் இந்தப் பள்ளியை ஒன்பது மைல் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று சொன்னார். எங்கள் கரையில் பதினாலு பேர். கணக்கை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விசிறி சென்னையில் கிடைக்கவில்லை. துறைமுகத்துக் கடையிலிருந்து வந்த பதில், வெளிநாட்டிலிருந்து தருவிக்க அனுமதி வாங்கி வருவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகலாம் என்றது. அப்போதுதான் அத்தைக்குக் கடுக்காய் பாயின் நினைவு வந்தது. வாணியம்பாடித் தோல் பட்டறைகளுக்கு வேண்டிய கடுக்காயை வாங்க அவர் மாதம் ஒரு முறை மலைக்கு வருவார். அவருடைய மருமகன் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். மச்சினி கல்யாணத்துக்கு மே மாதக் கடைசியில் வரப்போகிறார். அக்கரைப் பெற்றோர்கள் மூன்று மூட்டை கடுக்காய் பொறுக்கிப் பாயிடம் போட்டார்கள். விசிறிக்கு விலை அதுதான்.

உடைந்த விசிறியையே மாதிரிக்கு அனுப்பலாமே என்றார் அப்பா.

"ஒண்ணே ஒண்ணு இருக்குது. அதையும் கடல் தாண்டி அனுப்பிட்டு, தொலைஞ்சா எதைண்ணா காட்றது?"

"அப்ப படம் போட்டு அனுப்பு."

"படம் போட்டா கை தப்பும். அச்சு தப்பாது."

அத்தை தேன்மெழுகு வாங்கினாள். தேன் எடுப்பவர்கள் பிழிந்தெடுத்த பிறகு மிஞ்சும் மெழுகு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும். தை மாதக் குளிரில் அது கல். அதைச் சூடாக்கித் தட்டு அளவுக்கு ஒரு பலகையில் ஊற்றி, இறுகும் முன் விசிறியின் நல்ல இதழை அழுத்தி எடுத்தாள். இதழின் வளைவு பள்ளமாக, வரிக்கு வரி விழுந்திருந்தது. கூடவே ஒரு கடிதம்: விசிறியின் அகலம், நடுத்துளையின் விட்டம், இதழின் தடிமன், எல்லாம் அரை மில்லி மீட்டர் வரை. அதோடு இன்னொரு தாள். அதில் ஏரியின் படம், இரண்டு கரைகள், பள்ளிக்கூடம், எந்தக் கரையில் எத்தனை பிள்ளைகள், தலைமையாசிரியர் முத்திரை. இது எதற்கு என்று அம்மா கேட்டாள். "மலையில இருந்து போட் சாமான் கேட்டா யாராச்சும் இன்னான்னு கேப்பாங்க இல்ல" என்றாள் அத்தை.

பிப்ரவரி 12, திங்கட்கிழமை, கீழே திரும்பும் பாயிடம் காலை பஸ்ஸில் பார்சலை ஒப்படைக்கப் போனபோது நானும் கூடப் போனேன். பாய் இடம் தேடிக்கொண்டிருந்தார். டிரைவர் பார்சலைப் பார்த்து இது இன்னா பொருள் என்றார். "சிங்கப்பூர் போவுது" என்றேன் நான்.

"சிங்கப்பூரா? அப்ப கீழ வெக்கக்கூடாது பாப்பா. இங்க குடு" என்று வாங்கித் தன் பக்கத்தில் எஞ்சின் மூடியின்மேல் வைத்துக்கொண்டார். குளிர்காலத்தில் அந்த மூடிதான் பஸ்ஸில் மிக உயர்ந்த இடம். கதகதப்பாக இருக்கும். முதியவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் அங்கேதான் உட்கார வைப்பார்கள். எங்கள் பார்சலுக்கு அந்த மரியாதை கிடைத்ததை நான் வீட்டில் இரண்டு முறை சொன்னேன்.

அந்த ஜூன் 3-ஆம் தேதிக்குத் திரும்புகிறேன். பதினொன்று நாற்பதுக்குப் பஸ் வந்தது. மாம்பழக் கூடை, தகரப்பெட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் பாய் இறங்கினார். கையில் பழைய செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.

"ரெண்டு நாளு முன்னாடியே வந்திருக்கணும், டீச்சரம்மா. மெட்ராஸ்ல சுங்கத்துல உக்கார வெச்சிட்டாங்க மாப்பிள்ளைய. 'இது கப்பல் சாமான், எந்தத் துறைமுகத்துக்குப் போவுது?'ன்னாராம் ஆபீசரு. மாப்பிள்ள 'ஜவ்வாது மலைங்க'ன்னிருக்கான். 'மலையில இன்னாய்யா கப்பலு, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது'ன்னுட்டாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. உங்க ஏரிப் படத்த எடுத்து நீட்டினான். அவரு ரொம்ப நேரம் பாத்தாராம். பத்தொம்பது புள்ளைங்களான்னு கேட்டாராம். தீர்வையப் போட்டு ரசீது குடுத்து, நல்லபடியா போய்ட்டு வான்னு அனுப்பிட்டாரு."

பொட்டலத்தில் விசிறி மஞ்சளாக மின்னியது. நாங்கள் அவ்வளவு புதிதான ஒரு உலோகத்தைப் பார்த்ததில்லை. கீழே அத்தை அனுப்பிய மெழுகுப் பலகையும் திரும்பி வந்திருந்தது. அதை அவள் அப்போது பார்க்கவில்லை. நடுத்துளை அளவு சரி, அகலம் சரி. ஒரு மணிக்குள் விசிறியை மாட்டி முடித்தாள். அம்மா படகின் கூரான முன்பக்கத்தில் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினார்கள். எங்கள் கரையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள்.

கழியால் ஊன்றி, படகை ஏரியைப் பார்க்கத் திருப்பிவிட்டு, அத்தை கயிற்றை இழுத்தாள். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. படகு கிளம்பியது. ஏரிக்குள் அல்ல, எங்களை நோக்கி. பின்பக்கமாகவே வந்து கரையில் ஏறி நின்றது. ஆடுகள் சிதறி ஓடின.

"இன்னாம்மா, புள்ளைங்களக் கூட்டியாரச் சொன்னா வூட்டுக்குத் திரும்பி வருது?" என்றார் அப்பா. கூட்டம் சிரித்தது.

அத்தை மறுபடி தள்ளிவிட்டாள், மறுபடி இழுத்தாள். மறுபடி பின்னால் வந்தது. பழைய சின்ன எஞ்சின் அது. ஒரு பக்கம்தான் சுழலும், திருப்பிச் சுழற்ற விசை கிடையாது. மூன்றாம் முறை அவள் கழியால் படகை முழுதாகத் திருப்பி, சப்பையான பின்பக்கம் ஏரியைப் பார்க்கும்படி நிறுத்தினாள். "ஏறு" என்றாள் என்னிடம். எஞ்சின் முன்னால் இழுக்க, கூர்முனை பின்னால் வர, படகு அக்கரைக்குப் புறப்பட்டது. தண்ணீர் சப்பை முனையில் மோதி என் பாவாடையை நனைத்தது. இருபத்தொரு நிமிடப் பயணம் முப்பத்து நாலு நிமிடம் ஆனது. அவள் இடையில் இரண்டு முறை என்னைப் படகின் மறுகோடிக்கு நகர்ந்து உட்காரச் சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கரையில் எங்களுக்காகக் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு தாய் தண்ணீர் வரை இறங்கி வந்தாள். கடுக்காய் பொறுக்கியதில் அவள் பங்குதான் அதிகம்.

"இது இன்னா டீச்சரம்மா, பின்னாலயே வருது?"

"விசிறி மாத்தி வந்திருச்சு. ஆனா ஓடுது. காலைல ஏழு மணிக்குப் புள்ளைங்க தயாரா இருக்கட்டும்."

"மூஞ்சி ஒரு பக்கம், போறது ஒரு பக்கமா? அதுல எம் புள்ளைங்கள ஏத்த மாட்டேன். கோவிச்சுக்காத."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அத்தை கரையில் இறங்காமல் படகிலேயே நின்றாள்.

"எதைம்மா மூஞ்சின்ற?"

"இது இன்னா கேள்வி. பொட்டு வெச்ச பக்கந்தான் மூஞ்சி."

அத்தை திரும்பி, படகின் மறுகோடியில் இருந்த குங்குமத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "சரிம்மா. காலைல வர்றேன்" என்றாள். வேறு வாதம் எதுவும் செய்யவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அன்று மாலை அத்தை மெழுகுப் பலகையை எடுத்துப் பார்த்தாள். இதழ் அழுந்திய பள்ளம் முழுவதும் தூர்ந்துபோய், வெளிக்கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. அவள் பள்ளி முத்திரைக் கட்டையைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தாள். கட்டையில் எழுத்துகள் திரும்பியிருந்தன.

"பாருண்ணா. பள்ளம் இருந்தா கடைக்காரன் அதுல விசிறிய வெச்சுப் பாத்து எடுத்திருப்பான். பள்ளம் இல்ல. கோட்டப் பாத்துப் படம்னு நெனச்சிட்டான். அச்சுல எல்லாம் எடம் வலமாத்தான விழும்? அந்த மாத்தி வளைஞ்சதையே எடுத்துக் குடுத்திட்டான். அவன் மேல தப்பில்ல. வழியில எங்கயோ சூடு பட்டிருக்கு."

"பாய்கிட்டயே திருப்பிக் குடுத்துடு. மாப்பிள்ள அடுத்த வருசம் வர்றப்ப மாத்திக் கொண்டாரட்டும்."

"அடுத்த வருசம் பள்ளிக்கூடம் எங்கண்ணா இருக்கும்?"

நான் பஸ்ஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. பஸ்ஸின் எஞ்சின் மூடி எனக்குக் கதகதப்பு, அவ்வளவுதான். மலையில் பிறந்து, மெழுகு தானாக இளகிப் பார்த்திராத எனக்கும், என் அத்தைக்கும், அந்த டிரைவருக்கும், அந்தப் பிப்ரவரிக் காலையில் கதகதப்பும் சூடும் ஒரே சங்கதி என்று தோன்றவே இல்லை. அதை நான் கண்டுபிடித்தது வேலூரில் கல்லூரி விடுதியில், ஒரு மே மாதம், அலமாரியில் வைத்த மெழுகுவத்தி வளைந்து கிடந்ததைப் பார்த்தபோது. அன்றே அத்தைக்குக் கடிதம் எழுதினேன். 'எனக்கு அப்போதே தெரியும். பாயைக் கேட்டேன்' என்று ஒரு கார்டு வந்தது. அவ்வளவு ஆண்டுகளும் அவள் அதை என்னிடம் சொல்லவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் அவள் படகு நோட்டில் எழுதினாள்: 'நேரம் 34 நிமிடம். பெரிய பிள்ளைகள் பின்னால் உட்கார வேண்டும், முன்பக்கம் தூக்கும். தண்ணீர் தெறிக்காமல் மறைக்கத் தகரம் ஒன்று தேவை.' அவள் எந்தப் பக்கத்தை முன்பக்கம் என்று எழுதுகிறாள் என்பதை நான் கவனிக்கவில்லை.

அந்த விசிறி ஏழு ஆண்டுகள் ஓடியது. ஜூன் 4-ஆம் தேதிப் பதிவேட்டில் முப்பத்திரண்டு பெயர்கள் இருக்கின்றன. வராத ஒரு பிள்ளைக்கு அம்மை. பள்ளி இன்றும் அங்கேதான் இருக்கிறது. இவையெல்லாம் எனக்குப் பின்னால் விளங்கியவை. அந்த ஜூன் 4 காலையில் நான் பார்த்ததை ஊரை ஏமாற்றும் வேலை என்றுதான் நினைத்தேன், அத்தை அப்படிச் செய்கிறாளே என்று வருத்தப்பட்டேன். நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அந்த இரவில், அவள் அந்தத் தாய் சொன்னதைப் புகாராகக் கேட்காமல், படகுக்கு எடுக்க வேண்டிய இன்னொரு அளவாகக் கேட்டிருக்கிறாள் என்பது எனக்கு எட்டவில்லை.

ஜூன் 4, திங்கட்கிழமை, காலை ஐந்து நாற்பது. அத்தை தலை முழுகிவிட்டு ஏரிக்கரைக்குப் போனாள். வேறு எதையும் தொடுவதற்கு முன், கூர்முனையில் இருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் தண்ணீர் அள்ளி ஊற்றிச் சுத்தமாகக் கழுவினாள். பிறகு சப்பையான பக்கத்துக்கு நடந்துபோய், எஞ்சினுக்குப் பக்கத்தில் இரும்பைத் துடைத்து, மஞ்சள் தடவி, நடுவில் பெரிதாக, அக்கரையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி, பொட்டு வைத்தாள்.