பெயில் சாரும் கார் சாவியும்

ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும்; பிடித்தவர்கள்தான் குறைவு. முப்பத்தோரு வருஷம் டிரைவிங் டெஸ்ட் எடுத்த இன்ஸ்பெக்டர். பக்கத்து சீட்டில் தாளோடு உட்கார்ந்து, வாயே திறக்காமல், தப்புக்கு ஒரு சிவப்புக் கோடு போடுவார். மூன்று கோடு விழுந்தால் லைசென்ஸ் கிடையாது. எந்தப் பெரிய மனுஷர் சொன்னாலும் எடுபடாது. சொந்த மச்சானையே நான்கு தடவை திருப்பி அனுப்பிய புண்ணியவான். 'பெயில் சார்' என்ற பட்டம் சும்மாவா வரும்?

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. இனி கார் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். அவரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் மனைவியிடம், டாக்டர் நல்ல மனுஷன்தான், பாவம், வேறு யாருடைய ஃபைலையோ பார்த்துவிட்டார் என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தார்.

கதவில் கீறல் விழுந்தால் எதிர்வீட்டுக்காரன் வேலை. வழி தவறினால் சாலையை மாற்றிவிட்டார்கள் என்பார். எல்லாம் வீம்பு என்று நினைத்து மூன்று மாதம் அவள் மல்லுக்கு நின்றாள். சாவியை ஒளித்துவைத்தாள், வீட்டைத் தலைகீழாகப் புரட்டி எடுத்துவிட்டார். கடைசியில் டாக்டர்தான் விளக்கினார்: அவர் பொய் சொல்லவில்லை. மூளையில், கோளாறு இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டிய இடத்திலேயே கோளாறு. அதைக் கேட்டதும் அவளுடைய கோபம் வடிந்து பயம் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமையிலிருந்து பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது தன் பொறுப்பு என்று மகளிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். மகளோ, அப்பாவாவது தப்பாக ஓட்டுவதாவது என்று சிரிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போகலாம் என்று சொல்லி அவரோடு காரில் ஏறினாள். மடியில் பழைய டெஸ்ட் தாள் ஒன்று. சாமான் பட்டியல் எழுத வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தவை அவை. அவரைப் போலவே வாயைத் திறக்காமல் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். சிவப்பு விளக்கில் நிற்கவில்லை. நடைபாதையில் இரண்டு சக்கரம் ஏறி இறங்கின. ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். வீடு வந்து சேர்ந்தபோது பதினொரு கோடு; அவளுக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது.

மத்தியானம், இந்தத் தாளைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று சிவப்புப் பேனாவோடு அவர்முன் வைத்தாள். அவர் வாயாலேயே தீர்ப்பு வாங்கி மகளிடம் காட்ட வேண்டும் என்பது அவள் திட்டம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். அப்போது பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"யாரு இந்த ஆளு? வீட்டுல சொல்றதுக்கு யாருமே இல்லையா?"

"சொன்னா அவருக்குப் புரியலைங்க."

"புரியாது. சாவியை வாங்கி வச்சிடணும்."

'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு முகம் சுளித்தார். பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. பெயரில்லாத தாள் செல்லாது, எழுது என்று பேனாவை நீட்டினார். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஏதோ ஒரு பெயரை எழுதித் தப்பித்திருக்கலாம், மனசு வரவில்லை. அவர் பெயரையே எழுதினாள்.

"அட, என் பேரு," என்றார். "பாவம்."

"நீங்கதாங்க அது. காலையில பக்கத்துல உக்காந்து நான்தான் கோடு போட்டேன்."

வெடிக்கப்போகிறார் என்று நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் வெடிக்கவில்லை. காலையில் வெளியே போன ஞாபகமே அவர் முகத்தில் இல்லை. கோடுகளை மறுபடி எண்ணினார். விரல் கீழே இறங்கிக் கையெழுத்தில் நின்றது.

"நான் நல்லா ஓட்டுற மாதிரிதான் எனக்கு இருக்கு," என்றார் மெதுவாக. "ஆனா கையெழுத்து என்னோடது. சரியாப் பார்க்காம நான் போட மாட்டேன்."

சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். மூன்று மாதமாக அதற்காகத் தவித்தவளுக்கு இப்போது அழுகைதான் வந்தது. அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அந்த ஆளுகிட்ட நீயே பக்குவமா எடுத்துச் சொல்லு. திட்டிடாத."