திறக்காத சிப்பி

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் உதிரிபாகங்களை எண்ணித் தரம் பார்த்தவன் நான். ஓய்வு பெற்றதும், சிப்பி சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற மனைவியின் நெடுநாள் ஆசைக்காகப் பழவேற்காட்டுக்குப் போனோம். ஏரிக்கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு, ஒரு அம்மாள் சிப்பி வேகவைத்து விற்றார்.

தட்டில் பன்னிரண்டு இருந்தன. ஒன்று மட்டும் திறக்கவில்லை.

“ஒன்னு குறையுதே,” என்று புலம்பியபடி, அதை வீட்டுச் சாவியால் நெம்பித் திறந்து மனைவியிடம் நீட்டினேன்.

“பதினொன்னு பத்தாதாங்க?” என்று சொல்லிக்கொண்டே அவள் வாங்கி வாயருகே கொண்டுபோனாள்.

கடைக்கார அம்மாள் ஓடிவந்து அதைத் தட்டிவிட்டார். “இன்னா பெருசு! வெந்தும் வாய் தொறக்கலன்னா அது முன்னாடியே செத்தது. துன்னா இந்தம்மா ஆஸ்பத்திரிலதான் கெடக்கும். உனக்குக் கணக்குதான் முக்கியமா?”

அவர் தன் மதியச் சோற்றுக்கு வைத்திருந்த சிப்பிகளை மனைவியின் தட்டில் கொட்டினார். “நீ துன்னும்மா.” அவள் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

இப்போது அவளுடைய மூட்டுவலி அவ்வளவு தூரம் போக விடாது. அந்தப் பக்கம் எங்கே சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், கொட்டகைக்கு வழி சொல்லி, அந்த அம்மாளுக்கு என் நன்றியையும் சொல்லி அனுப்புகிறேன். அன்று வெட்கத்தில் அதைச் சொல்லாமலே பேருந்து ஏறிவிட்டேன்.