சூசை அண்ணனின் சீமைச்சாமந்தி ஒயின்

பூ மார்க்கெட்டில் கோழிக்கொண்டை எடை போட்டுக்கொண்டிருந்தபோது சூசை அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தது. "அண்ணன் போயிட்டாருப்பா" என்றார் அண்ணி. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

நாகல் நகரில் அவரை அறியாதவர் யார்? கப்பலில் விருந்தினருக்கு ஒயின் பரிமாறும் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். அவர் பேச்சில் பாதி மான்சனீயா என்ற ஸ்பெயின் நாட்டு ஒயினைப் பற்றித்தான் இருக்கும். கடலோர ஊரில் செய்வது, துளியும் இனிப்பில்லாதது. அவர்கள் மொழியில் மான்சனீயா என்றால் சீமைச்சாமந்தி. அந்தப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்த டீயின் வாசம் அந்த ஒயினில் வருவதால் அந்தப் பெயராம். பூ வியாபாரி நான் விடுவேனா? "பூவே போடாத சரக்குக்குப் பூப் பேராண்ணே?" என்று சீண்டுவேன். "ஏலே, மோந்து பாத்துட்டுப் பேசு" என்பார்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு, கொண்டுவந்திருந்த இரண்டு பாட்டிலில் ஒன்றைத் திறந்தார். வீட்டில் போடும் திராட்சை ஒயினின் தித்திப்புக்குப் பழகிய நாக்கு என்னுடையது. ஒரு வாயிலேயே முகம் கோணிப்போய், மோந்துகூடப் பார்க்காமல் பன்னீர் சோடாவை ஊற்றிக் கலக்கிவிட்டேன். பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை மனுஷர்.

போன வருடக் காய்ச்சலில் அவருக்கு வாசனை தெரியாமல் போனது. மணத்தை வைத்துப் பிழைத்தவர், சோற்றைச் சும்மா பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் என்னை வரச்சொல்லி, மிச்சமிருந்த பாட்டிலைத் திறந்து நீட்டினார். "பூ வாசம் வருதா? பொய் சொல்லாத அப்பு."

மோந்தேன். ஆமாம் என்று சொல்லத்தான் மனசு அடித்துக்கொண்டது. "இல்லண்ணே. வெட்டி வச்ச ஆப்பிள் கறுத்துப்போன மாதிரி இருக்கு."

அவர் முகம் தெளிந்தது. "சரியாச் சொன்ன. புதுசுலயே குடிக்கணும், நான்தான் ரொம்ப நாள் பூட்டி வச்சுட்டேன். வீட்டுல எதக் கேட்டாலும் கமகமன்னு இருக்குங்கிறாங்க. எது நெசம்னே தெரியல. இனிமே நீ மோந்து சொல்லு."

அன்றிலிருந்து சாயந்தரமானால் போய்விடுவேன். அண்ணி வைத்த மீன்குழம்பிலிருந்து மழையில் ஊறிய மல்லிகை வரை உள்ளதை உள்ளபடி சொல்வேன். கண்ணை மூடிக் கேட்பார். எனக்கும் ஒரு மூக்கு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

கோயிலுக்குத் தூக்குவதற்கு முன்னால் பெட்டியருகே நின்றேன். மாலை அருமையாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். குனிந்து அவர் காதில் சொன்னேன்: "நேத்துக் கட்டுன மாலைண்ணே. ரோஜாவுல ஒண்ணுமே இல்ல. சம்பங்கி மட்டும்தான் மணக்குது."