ஜெரால்டு அண்ணனின் ரீஸ்லிங்

செய்தி வந்தபோது ஸ்டாஃப் கேண்டீனில் இருந்தேன். கையில் சோற்றுத் தட்டு. துபாயின் கராமா பகுதியில் ஜெரால்டு அண்ணனின் ஃபிளாட்டில் கேஸ் கசிந்திருக்கிறது. டூட்டி முடிந்து வந்தவர் கதவைத் திறந்து உள்ளே போய், டீ போட அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். வெடித்ததில் அங்கேயே போய்விட்டார். அவர் மனைவி, எனக்கு மதினி, பிள்ளைகளோடு லீவில் தூத்துக்குடி போயிருந்தார். வீட்டில் அண்ணன் மட்டும்தான்.

நான் தட்டைக் கழுவி வைப்பதற்குள் நம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதிவிட்டார். "ஒயின் ஊத்துறவன்தான? நல்லா ஏத்திட்டு வந்திருப்பான். இல்லேன்னா அந்த நாத்தம் தெரியாமலா இருக்கும்?" கீழே பலர் ஆமாம் போட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனும் நானும் துபாயில் ஒரே ஹோட்டலில் ஒயின் பரிமாறினோம். அவர் சீனியர். அவர் ஒயினை விழுங்கி நான் பார்த்ததில்லை. வாயில் சுழற்றிவிட்டுத் துப்புவார். "குடிக்கிறதுக்குச் சம்பளம்னு ஊர்ல நெனைக்கானுவ. எனக்குத் துப்புறதுக்குத்தாம்லே சம்பளம்."

அவருக்குப் பிடித்தது ரீஸ்லிங். வெள்ளை ஒயின். ஜெர்மனியில் மோசல் ஆற்றுச் சரிவுகளில், குளிரில் மெதுவாகப் பழுக்கும் திராட்சை. புதிதில் எலுமிச்சைத் தோல் மணக்கும். வருடங்கள் போனால் பெட்ரோல் வாசனை ஏறும். அது கெட்டுப்போனதல்ல, வயது. ஒருமுறை ஒரு விருந்தாளி, பெட்ரோல் நாறுகிறது என்று பாட்டிலைத் திருப்பி அனுப்பினார். அண்ணன் மேசைக்குப் போனார். "கிணறு தோண்டாமலே கிடைத்திருக்கிறது, சார்." விருந்தாளி சிரித்துவிட்டார். பாட்டில் காலியானது.

பிறகு, ஊரே முகமூடி போட்ட அந்த வருடம், அவருக்கும் அந்தக் காய்ச்சல். குணமாகி வேலைக்குத் திரும்பிய அன்று ரீஸ்லிங்கைத் திறந்தார். மூக்கைக் கோப்பைக்குள் வைத்தார். எடுக்கவில்லை.

"என்னண்ணே?"

"தண்ணி மாரி இருக்குலே."

சில வாரங்களில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆகவில்லை.

வாசனை தெரியாதவருக்கு இந்த வேலை இல்லை. வேலை இல்லாதவருக்கு விசா இல்லை. எந்தப் பாட்டிலையும் ஊற்றும்முன் ஊற்றுபவர் முகர்ந்து பார்க்க வேண்டும், கெட்டிருக்கிறதா என்று. அவருக்காக நான் முகர்ந்தேன். நல்லதென்றால் பரிமாறும் துண்டு என் இடது கையில். கெட்டதென்றால் வலது கையில். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, தானும் முகர்வதுபோல் குனிவார். பிறகு விருந்தாளிக்கு அந்த வாசனையை விவரிப்பார். நினைவிலிருந்து.

"எம் மூக்கு இப்ப உம் மூஞ்சியிலதாம்லே இருக்கு. சளி கிளி புடிச்சு என்னை ஊருக்கு ஏத்தி விட்டுராத. யார்ட்டயும் சொல்லிராத. உம் மதினிட்டயும்."

எப்போதும் சிரிப்போடுதான் சொல்வார். ஒருநாள் மட்டும் சிரிப்பு இல்லை. பழைய ரீஸ்லிங் ஒன்றை என் முன் நீட்டினார்.

"சொல்லு."

"எலுமிச்சத் தோல். ஈரக் கல்லு. பெட்ரோல்."

"பெட்ரோல் முன்ன வருதா, பொறவு வருதா?"

"பொறவு."

தலையசைத்தார். கோப்பையைத் தொட்டியில் கவிழ்த்தார்.

அடக்கம் முடிந்து மதினி போன் செய்தார். "தம்பி, எல்லாரும் ஒரு மாரி பேசுறாவ. அவிய குடிச்சிருந்தாவளா?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

மதினி கேட்டார், "அப்ப நான் வச்ச மீன் கொழம்பு? சட்டிய தொறந்து, 'நல்ல மணம்ட்டி'ன்னு மோந்துகிட்டு நிப்பாவளே, தம்பி."

குழுவில் இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க," என்றார். "அப்பா குடிச்சுச் செத்தாவன்னு பிள்ளைக கேட்டு வளரக் கூடாது."

எழுதிவிட்டேன். அவர் குடித்திருக்கவில்லை. அவருக்கு மணக்கவில்லை.

அவருடையதாக என்னிடம் இருந்தது இது ஒன்றுதான், யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டது. அதையும் இப்போது உங்களிடம் கொடுத்துவிட்டேன்.