கிளட்ச் மாஸ்டரும் இரட்டை வெளிச்சமும்

கார் ஓட்டப் பழகுகிறவர்கள் எத்தனையோ தவறுகள் செய்வார்கள். கிளட்ச் மாஸ்டரைக் கேட்டால், எல்லாம் ஒரே தவறுதான் என்பார். கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் இருப்பது. வண்டி திணறினாலும் கிளட்ச், குலுங்கினாலும் கிளட்ச், மேட்டில் பின்னால் உருண்டாலும் கிளட்ச். ஒருமுறை கொட்டும் மழையில் வைப்பர் நின்றுபோனபோது, "கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே இருந்தா வேற என்னதான் ஆகும்?" என்று ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டின் முன்னறைதான் டிரைவிங் ஸ்கூல். ஒரு மேஜை, ஒரு போன், சுவரில் சாலைக் குறிகளின் படம், வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார். மேஜைக்குப் பின்னால் அவர் மனைவி. போன் எடுப்பது, யாருக்கு எந்த நேரம் என்று முடிவு செய்வது, திட்டு வாங்கிக் கோபித்துக்கொண்டு போனவர்களைச் சமாதானம் செய்து மறுபடி வரவழைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாஸ்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் போதும்.

மாஸ்டரைச் சிறந்த ஆசிரியர் என்று சொல்லிவிட முடியாது. பொறுமை கிடையாது, விளக்கிச் சொல்லவும் வராது. ஆனால் பயந்தவர்களை அவர் கைவிட்டதில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் கை நடுங்குகிறவர்கள், வேறு இடத்தில் 'உங்களுக்கு இது சரிப்படாது' என்று அனுப்பப்பட்டவர்கள், எல்லோரையும் ஏற்றிக்கொள்வார். வாய் ஓயாமல் திட்டுவார். உனக்கு வராது என்று மட்டும் சொல்லமாட்டார்.

இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் வேலை முடிந்து சாயங்காலத்தில்தான் வருவார்கள். பகலில் வரும் கல்லூரிப் பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் கற்றுக்கொண்டு பறந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு மூட்டையை வைத்தாலும் போதும். சாயங்காலம் வருகிறவர்களுக்குத்தான் அவர் வேண்டியிருந்தது. தான் யாருக்காவது வேண்டியிருக்கும் அந்த நேரத்தை நம்பித்தான் அவர் மீதி நாளை ஓட்டினார்.

அந்தச் சாயங்காலம்தான் கொஞ்ச காலமாக மங்கிக்கொண்டு வந்தது. தெரு விளக்குகளைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போலத் தெரிந்தது. நடந்து போகிறவர்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் மனிதர்களானார்கள். தெரு விளக்கெல்லாம் மட்டமான சரக்கு என்றார் மாஸ்டர். காரின் ஹெட்லைட்டுக்கு வயதாகிவிட்டது என்றார். கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. உலகத்தில் எங்கே குறை என்று தேடுகிறவன் பார்க்கிற கண்ணை விட்டுவிட்டுத்தான் தேடுகிறான். அது எப்போதும் இந்தப் பக்கமே இருப்பதால் அவன் பார்வைக்குள் வருவதே இல்லை.

மனைவி கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் பொழுது சாயும் வேளையில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையைப் பார்த்து மாஸ்டர், "எப்ப வந்தீங்க? உள்ள வாங்க" என்று உபசரித்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"என்னங்க, ஒரு கண்ணாடி போடுங்க."

"வண்டியில மூணு கண்ணாடி இருக்கு. அதைப் பார்க்கவே ஒருத்தருக்கும் கழுத்து திரும்பலை."

"நான் மூஞ்சியில போடற கண்ணாடியச் சொல்றேன்."

"ஏற்கெனவே பயந்துக்கிட்டு வர்றாங்க. வாத்தியாருக்கே கண்ணு தெரியலைன்னா இறங்கி ஓடிட மாட்டாங்க?"

"சட்டைய வீட்டுக்குக் கூப்பிடற ஆள நம்பி நான் யாரையும் அனுப்ப முடியாது. இந்த மாசம் முடியட்டும். கண்ணு சரியில்லைன்னா சாயங்கால வகுப்பு கிடையாது. யாரு போன் பண்ணினாலும் இல்லைன்னு சொல்லிடுவேன்."

மனைவி சொன்னால் செய்கிறவர். மாஸ்டரோ கண் டாக்டரிடம் போகவில்லை, மைத்துனனிடம் போனார்.

மனைவியின் தம்பியான அவன் கார் அலங்காரக் கடை வைத்திருந்தான். சீட் உறை, ஸ்டிக்கர், பாட்டுப் பாடும் ஹார்ன் என்று கடை முழுக்கத் தொங்கும். எதையும் இல்லை என்று சொல்லத் தெரியாத ஆள்.

"வெளிச்சம் பத்தலையா மாமா? கவலைய விடுங்க. ரெட்டைப் பவர் பல்பு வந்திருக்கு. ராத்திரியப் பகலாக்கிடும்."

"வண்டி தாங்குமாடா?"

"பல்பு மாட்டற இடம் அதேதான். கச்சிதமா உட்காருது பாருங்க. உட்கார்ந்தா தாங்கும்."

இடத்தில் பொருந்தினால் எல்லாமே பொருந்திவிடும் என்பது அவன் தொழில் தர்மம். மாட்டினான். அன்று சாயங்காலம் தெருவே வெள்ளையடித்தது போல் இருந்தது. மாஸ்டர் குழந்தை மாதிரி சிரித்தார். எதிரே வந்த வண்டிக்காரர்கள் கண்கூசி, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். மாஸ்டர் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கையசைத்தார்.

சில நாளில் ஹெட்லைட் பொசுக்கென்று அணைந்தது. ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினான் மைத்துனன். மறுபடியும் போனது.

"இது நோஞ்சான் ஃபியூஸ் மாமா. தும்மினாப் போயிடுது. நல்ல பயில்வானா ஒண்ணு போடறேன், அப்புறம் பாருங்க" என்று இரண்டு மடங்கு பெரிய ஃபியூஸ் ஒன்றைச் செருகினான். அது போகவே இல்லை. மாஸ்டரும் மைத்துனனும் அதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள்.

அதற்குப் பிறகுதான் வண்டிக்குள் லேசாக ஒரு கருகல் வாசனை வர ஆரம்பித்தது.

கருகல் வாசனைக்கு ஒரு டிரைவிங் மாஸ்டரிடம் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அந்த நேரத்தில் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில் பகல் வேலை முடித்து நேரே இங்கே வருவார்.

"சிஸ்டர்! காலை எடுங்க! கிளட்ச்சக் கொளுத்துறீங்க!"

"எடுத்துட்டேன் மாஸ்டர்."

"எடுத்தா ஏன் நாறுது?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

நர்ஸ் நாள்கணக்கில் இந்தத் திட்டைச் சுமந்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் திட்டு வாங்கிப் பழகிய காது, வலிக்கவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. விளக்கு போட்ட பிறகுதான் வாசனை வருகிறது. பொழுது இருக்கும்போது வருவதில்லை.

ஒரு சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. நர்ஸ் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. ரயில் வருவதாகத் தெரியவில்லை. வாசனை வந்தது. இந்த முறை நன்றாகவே வந்தது.

"கிளட்ச்! சிஸ்டர், கிளட்ச்! எத்தனை தடவை..."

"மாஸ்டர், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. என் காலு எங்க இருக்கு?"

மாஸ்டர் பார்த்தார். நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் தூக்கி மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"இப்ப யாரு மிதிக்கறா?"

மாஸ்டர் நிமிர்வதற்குள் ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து ஒரு நூல் புகை எழுந்தது. நர்ஸ் விளக்கு சுவிட்சைத் திருப்பினார். அது இளகிப்போய், திருப்பிய இடத்தில் நிற்காமல் துவண்டது. சாவியைத் திருப்பி உருவினார். எஞ்சின் நின்றது, ஹெட்லைட் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

"இறங்குங்க மாஸ்டர்."

"வண்டி..."

"வண்டிய அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல நீங்க இறங்குங்க."

ஆஸ்பத்திரிக் குரல். மாஸ்டர் இறங்கினார். பானட் இடுக்கிலிருந்தும் புகை வந்தது. பின்னால் நின்ற லாரியின் டிரைவர் தீயணைப்பு சிலிண்டரோடு ஓடிவந்தார். பானட்டை முழுசாகத் திறக்காமல் ஒரு கை அளவு மட்டும் தூக்கி உள்ளே பீய்ச்சினார். விளக்கின் பின்னால் எரிந்த சின்னத் தீ அடங்கியது. பிறகு திறந்து, பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டார். அப்போதுதான் ஹெட்லைட் அணைந்தது. அதே நேரத்தில் கேட்டும் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள்.

மூவருமாக வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார்கள். மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உயிரோடதான் இருக்கீங்க" என்றார். "இப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் கேட்கணும்."

"என்ன வார்த்தை?"

"கிளட்ச் இல்லைன்னு."

"கிளட்ச் இல்ல, சிஸ்டர். தப்பு என்னோடது."

மறுநாள் எலெக்ட்ரீஷியன் கடையில் வண்டி நின்றது. மாஸ்டரும் மனைவியும் மைத்துனனும் சுற்றி நின்றார்கள். எலெக்ட்ரீஷியன் ஒரு வயர்க் கற்றையை வெளியே இழுத்துப் போட்டார். தனித்தனியாக இருக்கவேண்டிய வயர்கள் உருகி ஒட்டி, கருப்பு வெல்லப்பாகில் முக்கியது போல ஒரே கட்டையாகியிருந்தன.

"பெரிய ஃபியூஸ் போட்டது யாரு?"

"நான்தான் அண்ணே. சின்னது போய்க்கிட்டே இருந்தது" என்றான் மைத்துனன்.

"போகத்தானேய்யா அதை வச்சிருக்கு! ரெட்டைப் பவர் பல்பு கிட்டத்தட்ட ரெட்டைக் கரண்ட்டை இழுக்கும். வயரு அதே பழைய ஒல்லி வயரு. ஃபியூஸ் போறப்பல்லாம், 'தாங்கலை, தாங்கலை'ன்னு சொல்லியிருக்கு. நீ அதோட வாயைக் கட்டிட்டே. உன் பயில்வான் பிழைச்சுக்கிட்டான், வயரு செத்துப்போச்சு."

மைத்துனன் காதைச் சொறிந்தான். "அப்ப இந்தப் பல்பே போடக் கூடாதா?"

"வண்டிக்குன்னு எழுதியிருக்கற பவரோட நிறுத்திக்க. அதுக்கு மேல வேணும்னா தடிமனா தனி வயரு, சுவிட்சு பாரத்தைத் தாங்கிக்க ஒரு ரிலே, அதுக்கு அளவா ஃபியூஸ் எல்லாம் போடணும். அப்பவும் எதிர்ல வர்றவன் கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?" எலெக்ட்ரீஷியன் கையைத் துடைத்துக்கொண்டே மாஸ்டர் பக்கம் திரும்பினார். "அது சரி, சார். எதுக்கு இவ்வளவு வெளிச்சம் உங்களுக்கு?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கடையில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு மற்றவரைப் பார்த்தார். மாஸ்டர் உருகிய வயரைப் பார்த்தார். தன் கண்ணின் பாரத்தை ஒரு பல்பின் மேல் ஏற்றினார். பல்பு அதை வயரின் மேல் ஏற்றியது. வாசனைக்கான பழி மட்டும் நர்ஸின் காலில் போய் விழுந்தது. அதற்கு மேல் ஏற்ற இடமில்லை.

"பொழுது சாஞ்சா எனக்குச் சரியாத் தெரியலை" என்றார்.

மனைவி எதுவும் குத்திக்காட்டவில்லை. "வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்" என்றார். போகிற வழியில் மட்டும், "அன்னைக்கு அந்தச் சட்டையாவது 'நான் சட்டைங்க'ன்னு பதில் சொல்லியிருக்கலாம்" என்றார். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணாடி வந்தது. வண்டிக்குப் புது வயரும், பழைய அளவிலேயே பல்பும் ஃபியூஸும் வந்தன. கண்ணாடி போட்டால் தெளிவாகத் தெரியும், சாயங்காலம் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி அப்படி லேசில் விடுகிறவர் இல்லை.

"டாக்டர் சொன்னது சுவத்துல இருக்கற எழுத்துக்கு. நான் ரோட்டுல பார்க்கணும். பின் சீட்டுல நான் வருவேன். என் மனசுக்குச் சரின்னு பட்டாத்தான் சாயங்காலம். இல்லைன்னா பகலோட சரி."

"யாரு ஓட்டறது? ஒருத்தரும் வரமாட்டாங்களே."

"எல்லாருக்கும் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். ரெண்டு பேரு யோசிச்சுச் சொல்றேன்னாங்க. நர்ஸ் வர்றேன்னாங்க."

நர்ஸ் வந்து மாஸ்டரின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். "இதப் போட்டா கொஞ்சம் படிச்ச களை வருது" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தார். விளக்கு போட்டார்கள். முன்பு போல் தெரு வெள்ளையாகவில்லை. மஞ்சளாக, போதுமான அளவு தெரிந்தது. மாஸ்டர் ஒவ்வொரு விளக்கும் தனித்தனி விளக்காக நிற்பதையும், மரங்களுக்குக் கிளைகள் இருப்பதையும் பார்த்துக்கொண்டு வந்தார். பின் சீட்டிலிருந்து மனைவி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு பழச்சாற்றுக் கடையைத் தாண்டியதும் மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். "சிஸ்டர், வேகத்தைக் குறைங்க. இடது பக்கம் நிக்கற லாரிக்குப் பின்னால ஒருத்தர் கருப்புச் சட்டை போட்டுக்கிட்டு சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர்றாரு. குறுக்க வருவாரு."

நர்ஸ் வேகத்தைக் குறைத்த பிறகுதான் அந்த ஆள் அவர் கண்ணில் பட்டார். வண்டியை நிறுத்தினார். சைக்கிள்காரர் நிதானமாகத் தெருவைக் கடந்து, வண்டி நின்றதற்கு ஒரு தலையசைப்பும் கொடுத்துவிட்டுப் போனார்.

"நான் பார்க்கவே இல்ல மாஸ்டர்."

"பார்ப்பீங்க. போகப் போகத் தெரியும். ம், முதல் கியர் போடுங்க."

பின் சீட்டில் போன் அடித்தது. மனைவி எடுத்தார். மாஸ்டர் தன்னையறியாமல் முதுகை நிமிர்த்தினார்.

"ஆமாங்க, டிரைவிங் ஸ்கூல்தான். சாயங்கால வகுப்பா?" வண்டி இரண்டாவது கியருக்கு மாறியது. "இருக்குங்க. நாளைக்கே வாங்க. பயமா? அதெல்லாம் மாஸ்டர் பார்த்துக்குவாரு. கொஞ்சம் திட்டுவாரு, அவ்வளவுதான்."